கார்டு எண் எங்கே தங்கிவிட்டது? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த பட்டணத்தில் மளிகைக் கடை, கிளினிக், டயர் கடை, டியூஷன் சென்டர், கூட்டுறவு ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் ஊராரின் வங்கிக் கார்டு எண் தினமும் வந்து போகிறது. வந்து போவதில் சிக்கல் இல்லை. வந்த எண் போகாமல் எங்கோ தங்கிவிடுவதுதான் சிக்கல். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இது ஒன்றே. அதனால் ஒவ்வொன்றிலும் "இதை எப்படிப் பூட்டுவது" என்று கேட்பதற்கு முன்னால் "இது ஏன் என்னிடம் இருக்கிறது" என்று கேளுங்கள்.

விதியைப் பற்றிக் கொஞ்சம். கார்டுத் தகவலை எப்படிக் காக்க வேண்டும் என்று சொல்லும் பிசிஐ டிஎஸ்எஸ் அரசாங்கச் சட்டம் இல்லை. விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த விதித் தொகுப்பு. கார்டு மெஷின் கொடுத்த வங்கியோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் வழியாக உங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஒரே ஒரு மெஷின் வைத்த கடைக்கும் இது பொருந்தும். 4.0 பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது, சின்னத் திருத்தங்களோடு 4.0.1 2024 ஜூனில் வந்தது, அதில் அவகாசம் கொடுத்து வைத்திருந்த விதிகளும் 2025 மார்ச் 31 முதல் கட்டாயம் ஆகிவிட்டன. கடைக்காரர் மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. கார்டின் பின்பக்க மூன்று இலக்கம், பின் நம்பர், காந்தப் பட்டை அல்லது சிப்பின் முழுத் தகவல் ஆகியவற்றைப் பணம் எடுக்க ஒப்புதல் வந்த பிறகு வைத்திருக்கவே கூடாது. பூட்டி, மறையாக்கி (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்தாலும் தப்புதான். கார்டு எண்ணை மட்டும், உண்மையான தேவை இருந்தால், படிக்க முடியாத வடிவில் வைக்கலாம்.

ரசீதில் முழு எண்ணும் தெரிகிறது

வாடிக்கையாளர் கையில் போகும் ரசீது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கடைப் பிரதியைப் பாருங்கள். அதுவும் சரி என்றால், இரவு செட்டில்மெண்ட் (அன்றைய கணக்கை மெஷினில் முடித்து வங்கிக்கு அனுப்புவது) போடும்போது வரும் நீளத் தாளைப் பாருங்கள். கார்டின் தொடக்கத்தில் வங்கியைக் காட்டும் 6 அல்லது 8 இலக்கமும் கடைசி 4 இலக்கமும் தெரியலாம். நடுவில் உள்ளது தெரியக்கூடாது.

தெரிந்தால், மெஷினில் நீங்களே நோண்ட வேண்டாம். அந்த அமைப்பு வங்கிப் பக்கம் இருக்கிறது. மெஷினின் டெர்மினல் எண்ணைச் சொல்லி, இரண்டு பிரதியிலும் மறைக்கச் சொல்லுங்கள். பழைய கட்டுகளைப் பொடியாக நறுக்கும் மெஷினில் போடலாம், எரிக்கலாம், கூழாக்கலாம். கிழித்துக் குப்பையில் போட்டால் போதாது.

முழு எண் மெஷின் ரசீதில் வராமல் கல்லாக் கம்ப்யூட்டர் அடிக்கும் பில்லில் வந்தால் விஷயம் கொஞ்சம் பெரிது. எண் மெஷினைத் தாண்டி உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருக்கிறது என்று பொருள். "ஸ்கிரீன்ல ஸ்டார் ஸ்டாராத்தானே காட்டுது" என்று சாஃப்ட்வேர் விற்றவர் சொல்வார். அதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். அன்றைய விற்பனைப் பட்டியலை ஒரு கோப்பாக வெளியே எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கேயும் நட்சத்திரம் இருந்தால் சரி. முழு எண் வந்து நின்றால், மறைத்தது திரையில் மட்டும்தான், உள்ளே அப்படியே கிடக்கிறது.

லைன் போனதும் எண்ணை 555 புத்தகத்தில் எழுதுகிறார்கள்

எங்கள் பக்கம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடன் கணக்கு எழுத வைத்திருக்கும் அதே சின்ன 555 புத்தகம். மழை பிடித்தால் லைன் போகிறது. தோட்டத்திலிருந்து சம்பள நாளில் ஜாமான் வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது. கவுண்டரில் இருக்கும் அக்கா கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "லைன் வந்ததும் அடிச்சுக்கிறேன், நீங்க போங்க" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்தால் போதும், அதில் இருக்கும் எல்லா கார்டையும் வைத்து இணையத்தில் பொருள் வாங்கலாம்.

பணம் எடுக்க ஒப்புதல் வந்த பிறகும் அந்த மூன்று இலக்கம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது பாருங்கள், நேரடி விதிமீறல் அங்கேதான். அது போக, கையால் எண் அடித்து எடுத்த பணத்தைக் கார்டுக்காரர் பிறகு மறுத்தால், சிப்பும் இல்லை, பின் நம்பரும் இல்லை. நட்டம் பெரும்பாலும் கடைக்காரர் தலையில்தான் விழும்.

செய்ய வேண்டியது: இரண்டு சிம் போடும் மெஷின் கிடைக்குமா என்று வங்கியிடம் கேளுங்கள், ஒரு கம்பெனி லைன் விழுந்தாலும் இன்னொன்று நிற்கும். லைன் இல்லாத நேரத்தில் மெஷினே விவரத்தை மறையாக்கி வைத்து, லைன் வந்ததும் அனுப்பும் வசதியைச் சில வங்கிகள் திறந்து கொடுக்கும். அதில் ஒப்புதல் பின்னால்தான் வரும், மறுக்கப்பட்டால் பொறுப்பு உங்களுடையது. அதனால் சின்னத் தொகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் போனில் லைன் இருந்தால் டூயிட்நவ் கியூஆர், அதாவது குறியைப் போனில் ஸ்கேன் செய்து கட்டும் முறை. எதுவும் இல்லையா? தெரிந்த ஆளாக இருந்தால் 555 புத்தகத்தில் பெயரையும் எத்தனை வெள்ளி என்பதையும் எழுதுங்கள். அதற்குத்தானே அந்தப் புத்தகம்.

வாட்ஸ்அப்பில் கார்டின் படம் வந்திருக்கிறது

டியூஷன் சென்டர், கிளினிக், பஸ் டிக்கெட் போடுகிறவர்கள் எல்லாருக்கும் வரும். அழித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வாட்ஸ்அப் படம் போன் கேலரியில் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும், அங்கிருந்து மேகச் சேமிப்புக்குப் போயிருக்கும், கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்து வைத்திருந்தால் அங்கேயும் இறங்கியிருக்கும். மூன்று இடத்திலும் அழித்து, அழித்தவை கிடக்கும் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அப்புறம் அனுப்பியவருக்கு "இந்தப் படத்தை நீங்களும் அழித்துவிடுங்கள் ஐயா, இந்த லிங்கில் கட்டுங்கள்" என்று பேமென்ட் கேட்வே (இணையத்தில் கார்டுப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) தரும் கட்டண லிங்க்கை அனுப்புங்கள். எண்ணை அவரே கேட்வேயின் பக்கத்தில் அடிப்பார். உங்களுக்கு டோக்கனும் (கார்டு எண்ணுக்குப் பதிலாகத் தரப்படும் மாற்று எண்) கடைசி நான்கு இலக்கமும் மட்டும் வரும்.

கம்ப்யூட்டரில் கார்டு எண் கிடக்கிறதா என்று தெரியவில்லை

தேடித்தான் பார்க்க வேண்டும். விற்பனைத் தரவுத்தளம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஞாபகம் வராத இடங்கள்: பிழை வந்தால் எழுதும் லாக் கோப்பு, பழைய பேக்கப், மேசை இழுப்பறையில் கிடக்கும் தம்ப் டிரைவ், ஸ்கேன் செய்த விண்ணப்பப் படிவம், மின்னஞ்சலின் அனுப்பியவை பெட்டி. லாக் கோப்புதான் முதல் குற்றவாளி. யாரோ ஒரு புரோகிராமர் சோதனைக்காகக் கேட்வேக்குப் போகும் தகவலை முழுசாக எழுதச் சொல்லிவிட்டு, நிறுத்த மறந்து போயிருப்பார்.

16 இலக்கம் தொடர்ந்து வரும் இடங்களைத் தேடினால் பார்சல் எண், பில் எண் என்று குப்பையும் சேர்ந்து வரும். வடிகட்ட, கார்டு எண் சரியானதா என்று பார்க்கும் லூன் கணக்கு உதவும். 4111 1111 1111 1111 என்ற பெயர்போன சோதனை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். 9-ஐத் தாண்டினால் 9 கழிக்க வேண்டும். இங்கே ஏழு 1-கள் 2 ஆகின்றன, மொத்தம் 14. முதலில் இருக்கும் 4, 8 ஆகிறது. தொடாமல் விட்ட எட்டு 1-கள் 8. கூட்டினால் 30, பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, ஆகவே கார்டு எண்ணாக இருக்கலாம். இலக்கத்தை இஷ்டத்துக்கு அடித்தாலும் பத்தில் ஒன்று தேறிவிடும் என்பதால் தொடக்கத்தையும் பாருங்கள்: விசா 4-இல் தொடங்கும், மாஸ்டர்கார்டு 51 முதல் 55 வரை அல்லது 2221 முதல் 2720 வரை. சில கேட்வேக்களின் டோக்கனும் கார்டு எண் மாதிரியே 16 இலக்கத்தில் இருக்கும். அவற்றில் சில வேண்டுமென்றே லூன் கணக்கில் தேறாதபடி செய்யப்பட்டவை. உங்கள் கேட்வே எப்படி என்று கேட்டு வைத்துக்கொண்டால் தேடல் சுலபம்.

"நாங்கள் எண்ணை வைக்கவில்லை, அதன் ஹேஷ் மட்டும் வைத்திருக்கிறோம்" என்பார்கள். ஹேஷ் என்பது எண்ணிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், நேராகத் திருப்பி எண்ணாக்க முடியாத ஒரு குறியீடு. ரகசியச் சாவி சேர்க்காத வெறும் ஹேஷ் என்றால் அது காகிதக் கதவு. அதே வரியில் முதல் 6, கடைசி 4 இலக்கமும் இருந்தால் தெரியாதது நடுவில் 6 இலக்கம், அதாவது 10 லட்சம் சாத்தியங்கள். லூன் கணக்கு அதை ஒரு லட்சமாகக் குறைத்துவிடும். சாதாரண மடிக்கணினிக்கு அது கண் இமைக்கும் நேர வேலை. சாவி சேர்த்த ஹேஷ்தான் வேண்டும் என்று இப்போது விதியே சொல்கிறது. அதே போல, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பிட்லாக்கர் (விண்டோஸில் உள்ள டிஸ்க் மறையாக்கும் வசதி) போட்டுப் பூட்டியிருக்கிறேன் என்பதும் கழற்றி எடுத்துப் போகும் டிஸ்குக்குத்தான் செல்லும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் திறந்துதானே கிடக்கிறது.

கவுண்டருக்கு மேலே உள்ள கேமராவையும் ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்கள். கல்லாவைக் காக்க மாட்டியது, பின் நம்பர் அடிக்கும் விரலையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்.

ரசீதில் உள்ள கடைசி நான்கு இலக்கம் கார்டோடு பொருந்தவில்லை

இது பிழையே இல்லை. வாடிக்கையாளர் போனைத் தட்டிக் கட்டியிருக்கிறார். ஆப்பிள் பே, கூகுள் வாலட் போன்றவற்றில் கார்டைச் சேர்க்கும்போது விசாவோ மாஸ்டர்கார்டோ அந்தப் போனுக்கென்று வேறோர் எண்ணைத் தருகிறது. கடைக்கு வருவது அந்த எண்தான். ரசீதிலும் அதன் கடைசி நான்கு இலக்கமே விழும். வாலட்டைத் திறந்து கார்டின் விவரத்தைத் தொட்டால் அந்த நான்கு இலக்கம் தெரியும், ஒப்பிட்டுக் காட்டுங்கள். மகன் போனில் தட்டிவிட்டு அப்பா கார்டை எடுத்துக்கொண்டு வந்து "இது என் எண்ணே இல்லையே" என்று சண்டை பிடித்தால், கோபப்படாமல் இதைச் செய்தால் போதும்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கார்டை மெஷினில் செருகினால் பொருந்தாது. அதே போனைத் தட்டச் சொல்லுங்கள், அல்லது பழைய பரிவர்த்தனையைத் தேடி எடுத்து அதன் மேலேயே திருப்பிப் போடுங்கள்.

நேற்று வரை ஓடிய டோக்கன் இன்று ஓடவில்லை

மாதக் கட்டணத்துக்குக் கார்டைப் பதிந்து வைத்திருக்கும் டியூஷன் சென்டர்களுக்கு வரும் தலைவலி. எல்லா டோக்கனும் ஒரே நாளில் நின்றதா, ஒன்றிரண்டு மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் நின்றால், ஒன்று சோதனைச் சூழலின் சாவியைப் போட்டு நிஜ டோக்கனை அனுப்புகிறீர்கள், அல்லது கேட்வேயை மாற்றியிருக்கிறீர்கள். கேட்வே தரும் டோக்கன் அடகுக் கடைச் சீட்டு போன்றது. நகை அந்தக் கடைப் பெட்டகத்தில் இருக்கிறது. சீட்டை இன்னொரு கடையில் நீட்டினால் யாரும் மதிக்கமாட்டார்கள். கேட்வே மாறும்போது பழைய கேட்வே கார்டு எண்களை மறையாக்கிப் புதிய கேட்வேக்கு நேராக அனுப்ப வேண்டும். உங்களிடம் வர வேண்டியது, எந்தப் பழைய டோக்கனுக்கு எந்தப் புதிய டோக்கன் என்ற பட்டியல் மட்டும். "கோப்பை உங்களிடம் தருகிறோம், நீங்களே ஏற்றிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இத்தனை நாள் இல்லாத பொறுப்பு ஒரே மின்னஞ்சலில் உங்கள் மேசைக்கு வந்துவிடும். கையெழுத்துப் போடும் முன்னாலேயே, விலகும்போது கார்டு விவரங்களை மாற்றித் தருவீர்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கட்டண வீதத்தை மட்டும் பார்த்துக் கேட்வே எடுப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

ஒன்றிரண்டு மட்டும் நின்றால், அந்தப் பெற்றோருக்குப் புதுக் கார்டு வந்திருக்கும். கேட்வேயின் சொந்த டோக்கன் பழைய எண்ணையும் பழைய தேதியையும் பிடித்துக்கொண்டிருக்கும். விசா, மாஸ்டர்கார்டு வழங்கும் டோக்கனாக இருந்தால், கார்டு மாறினாலும் வங்கி பின்னால் இணைப்பை மாற்றிவிட முடியும், டோக்கன் அப்படியே ஓடும். கேட்வேயில் அந்த வசதி இருந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள். இல்லை என்றால் பெற்றோருக்குப் புதிய லிங்க்தான்.

எக்செலில் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது

கூட்டுறவு ஆபீஸ்களில் இருந்து வரும் கேள்வி. உறுப்பினர்களுக்கு ஒரு வங்கியோடு சேர்ந்து பிரீபெய்ட் கார்டு கொடுத்திருப்பார்கள், லாப ஈவு அதில் ஏறும். கார்டுத் திட்டத்தை ஓட்டும் நிறுவனம் தினமும் ஒரு கோப்பு அனுப்பும். கிராணி (ஆபீஸ் எழுத்தர்) அதை எக்செலில் திறந்தால் 4.11E+15 என்று தெரியும், அகலப்படுத்தினால் கடைசி இலக்கம் 0. கணக்கு ஒத்துப் போகாது. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்துக்கொள்ளாது, அதுதான் காரணம். அந்தக் கட்டத்தை எழுத்து வடிவமாக மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லித் தருவார்கள்.

தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். முழுக் கார்டு எண் ஏன் அந்த ஆபீசுக்கு வருகிறது என்பதே இங்கே பிழை. கடைசி இலக்கம் அழிந்ததால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். அது மற்ற 15-ஐ வைத்து லூன் கணக்கில் கண்டுபிடிக்கக்கூடிய சரிபார்ப்பு இலக்கம்தான். பாதி அழிந்ததாகத் தோன்றும் அந்தக் கோப்பிலும் முழு எண் இருக்கிறது.

கார்டு ஓட்டும் நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்: "கோப்பில் முழு எண் வேண்டாம். ஒவ்வொரு கார்டுக்கும் உங்கள் சிஸ்டத்தில் உள்ள மேற்கோள் எண்ணும் (ரெஃபரன்ஸ் நம்பர்) கடைசி நான்கு இலக்கமும் போதும்." பெரும்பாலும் அந்த மேற்கோள் எண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், யாரும் கேட்காததால் கொடுத்திருக்கமாட்டார்கள். கார்டை முடக்குவது, மாற்றித் தருவது, பணம் ஏற்றுவது எல்லாம் அந்த எண்ணை வைத்தே நடக்க வேண்டும். உறுப்பினர் எண்ணோடு அதை இணைத்து ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் கிராணிக்கு வேறெதுவும் தேவைப்படாது.

கார்டு கொடுக்கும் நாளிலும் ஒரு பழக்கத்தை நிறுத்த வேண்டும். அடையாளக் கார்டையும் புதுக் கார்டையும் சேர்த்து வைத்து ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் குத்துவார்கள். உறையின் மேல் உள்ள மேற்கோள் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். உறையை உறுப்பினரே பிரிக்கட்டும். வாங்க வராதவர்களின் கார்டுகள் பூட்டிய அலமாரியில், உயிர்ப்பிக்காத நிலையில் இருக்கட்டும்.

யார் எதற்குப் பொறுப்பு என்று வங்கி, கார்டு ஓட்டும் நிறுவனம், கூட்டுறவு மூவரும் எழுத்தில் பிரித்துக்கொள்வதும் விதியில் உள்ளது. கார்டு ஓட்டும் நிறுவனத்திடம், பிசிஐ டிஎஸ்எஸ் விதிப்படி நடக்கிறோம் என்று காட்டும் இணக்க உறுதிமொழிப் பத்திரத்தை ஆண்டுக்கு ஒரு முறை கேட்டு வாங்குங்கள். முதல் பக்கத்து முத்திரையில் நின்றுவிடாமல், தேதியையும், நீங்கள் வாங்கும் சேவை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மற்றொரு சேவைக்கு வாங்கிய பத்திரத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு.

வங்கியிடமிருந்து கேள்வித்தாள் வந்திருக்கிறது, எதை நிரப்புவது?

பிசிஐ டிஎஸ்எஸ் விதிப்படி நடக்கிறீர்களா என்று நீங்களே நிரப்பித் தரும் சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாளில் பல வகை உண்டு. தவறான வகையை எடுத்து நூற்றுக்கணக்கான கேள்விகளோடு மல்லுக்கட்டுவார்கள். இணையத்தில் இணைந்த தனி மெஷின் மட்டும், கம்ப்யூட்டரில் எதுவும் சேமிப்பதில்லை என்றால் பி-ஐபி. இணைய விற்பனை மட்டும், கார்டு அடிக்கும் பக்கம் முழுவதும் கேட்வேயுடையது என்றால் ஏ. எண்ணைக் கம்ப்யூட்டரில் சேமித்தால் டி, எல்லாவற்றிலும் நீளமானது. மேலே சொன்னபடி எண்ணைத் துரத்திவிட்டு வந்தால் பெரும்பாலான கடைகளுக்கு டி தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் மெஷின் கொடுத்த வங்கியைக் கேளுங்கள். "சர்டிபிகேட் வாங்கித் தர்றோம்" என்று வருகிறவர்களைக் கேட்க வேண்டாம்.

மெஷின் வழக்கம் போல இல்லை

கார்டு செருகும் இடம் இறுக்கமாக இருக்கிறது, முத்திரை ஸ்டிக்கர் உரிந்திருக்கிறது, புது வயர் ஒன்று தொங்குகிறது. மெஷினின் அடிப்பக்கத் தொடர் எண்ணை, வாங்கிய அன்று எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எழுதி வைக்கவில்லை என்றால் இன்றே எழுதிப் படமும் எடுங்கள். பொருந்தாவிட்டால் அந்த மெஷினில் ஒரு வெள்ளி கூட எடுக்காமல் வங்கியை அழையுங்கள். மெஷின் மாற்ற வந்ததாகச் சொல்லும் ஆளையும், வங்கியிடம் நீங்களே போன் போட்டு உறுதி செய்யும் வரை கவுண்டருக்குப் பின்னால் விடாதீர்கள்.

எண் வெளியே போய்விட்டது

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம், வைரஸ் ஸ்கேன் ஓட்ட வேண்டாம், விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டாம். நினைவகத்தில் இருக்கும் தடயம் அதோடு போய்விடும். எப்போது, யார், எதைக் கவனித்தார்கள் என்று நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். உடனே மெஷின் கொடுத்த வங்கிக்குச் சொல்லுங்கள், கூட்டுறவாக இருந்தால் கார்டு வழங்கிய வங்கிக்கும். ஆராய ஆள் தேவையா என்பதை அவர்கள் சொல்வார்கள்.

2025 ஜூன் 1 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, பெரிய பாதிப்பு வரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். உறுப்பினர் யாருடைய கணக்கிலிருந்தாவது பணம் ஏற்கெனவே போயிருந்தால், முதலில் தம் வங்கியையோ 997 என்ற மோசடி எதிர்ப்பு எண்ணையோ அழைக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் திறக்கட்டும், செயலாளர் வரட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை.